கோட்டின் கீழே நிற்கும் எண்

மனிதப் பிறவி எடுத்த ஒவ்வொருவரும் இவ்வுலகில் செய்யும் முதற் காரியம் அழுவதுதான். அந்த அழுகையைக் கேட்டு வீட்டிலுள்ள பெரியோர் அத்தனை பேரும் சிரிக்கிறார்கள். ஒருவர் அழ, மற்றவர் மகிழ்வது இவ்வளவு நியாயமாக இருக்கும் சந்தர்ப்பம் வேறொன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. ஏனெனில் அது வெறும் அழுகையன்று, முதல் மூச்சு. அதுவரையில் தொப்புட்கொடி வழியாகத் தாயிடமிருந்து பிராணவாயுவைப் பெற்றுக்கொண்டிருந்த சிசு, அந்த நிமிஷம் முதல் தன் சொந்த நுரையீரலை நம்பி வாழத் தொடங்குகிறது.

நுரையீரலின் நிலைமையைச் சற்று யோசித்துப் பாருங்கள். கருவறையில் ஹிருதயத்துக்கு ஆரம்ப முதலே வேலை உண்டு. நுரையீரலுக்கோ, மூச்சு விடும் உத்தியோகம் பிறந்த பிறகுதான். அது வரையில் அதற்கு ஒரே கடமை, வளர்வது. அந்த வளர்ச்சிக்கு இடம் கிடைக்காமற் போனால் என்ன ஆகும்? வைத்தியர்கள் அதைப் பிரசவத்துக்கு முன்பே எப்படி அளந்து அறிகிறார்கள்? இந்த வாரம் இவ்விஷயத்தைப் பார்ப்போம். வைத்திய விஷயமாயிற்றே, பள்ளிக்கூடத்து ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். விஷயத்தின் நடுவே ஒரு பின்னக் கணக்கு இருக்கிறது. அதுவே நமக்கு அநுமதிச் சீட்டு.

நம் மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே தசையாலான ஒரு மெல்லிய விதானம் இருக்கிறது. உதரவிதானம் என்று பெயர். மாடி வீட்டில் மேல் தளத்துக்கும் கீழ்த் தளத்துக்கும் நடுவே உள்ள தட்டு என்று வைத்துக்கொள்ளலாம். மாடியில் ஹிருதயமும் நுரையீரலும் குடியிருக்கின்றன. கீழே இரைப்பை, குடல், கல்லீரல் முதலியவை. கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்துக்குள் இந்தத் தட்டு முழுதும் மூடிக்கொண்டு விடவேண்டும். சுமார் மூவாயிரம் சிசுக்களில் ஒன்றுக்கு அது மூடுவதில்லை. பின்பக்கத்து மூலையில் ஓர் ஓட்டை நின்றுவிடுகிறது. நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இடப்பக்கத்தில்தான். 1848ஆம் ஆண்டில் இதை விவரித்த போஹ்டாலெக் என்னும் செக் தேசத்து உடற்கூற்று அறிஞரின் பெயராலேயே இன்றும் அந்த ஓட்டை வழங்குகிறது.

ஓட்டை இருந்தால் கீழ் வீட்டார் சும்மா இருப்பார்களா? குடல் ஏறுகிறது, இரைப்பை ஏறுகிறது, சில சமயம் கல்லீரலும் ஏறிவிடுகிறது. தமிழில் இதை உதரவிதானக் குடலிறக்கம் என்கிறார்கள். வாஸ்தவத்தில் குடல் இங்கே இறங்கவில்லை, ஏறுகிறது. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. அழையா விருந்தாளிகள் வந்து கூடத்தை நிறைத்த பிறகு வீட்டுக்காரன் ஒரு மூலையில் ஒடுங்குவதுபோல் இடது நுரையீரல் ஒடுங்குகிறது. ஹிருதயம் வலப்புறம் தள்ளப்படுகிறது. அது போய் வலது நுரையீரலையும் நெருக்குகிறது. இரண்டும் சிறுத்து, அவற்றிலுள்ள இரத்தக் குழாய்களும் குறைந்து, சுவர் தடித்துப் போகின்றன. ஓட்டையைத் தைத்து மூடுவது ரண சிகிச்சை நிபுணருக்குப் பெரிய காரியமன்று. 1946லேயே பாஸ்டன் நகரில் ராபர்ட் கிராஸ் என்பவர் பிறந்து ஒரு நாள்கூட ஆகாத சிசுவுக்கு அதைச் செய்து பிழைக்க வைத்தார். வளராத நுரையீரலை ஊசி நூலால் வளர்க்க முடியாது என்பதுதான் கஷ்டம்.

அந்தக் காலத்துக் கணக்குகளைப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. பெரிய ஆஸ்பத்திரிகளின் பதிவேடுகளில், ரண சிகிச்சைக்கு வந்த இத்தகைய சிசுக்களில் பலர் பிழைத்ததாக எழுதியிருக்கும். நோய் அவ்வளவு கொடியதன்று என்றே எண்ணத் தோன்றும். 1978ல் மைக்கேல் ஹாரிசன் என்னும் அமெரிக்க நிபுணரும் நார்வே தேசத்துச் சகாக்களும் இந்தக் கணக்கைத் திரும்பப் பார்த்தார்கள். பிறந்த சில நாழிகைகளில், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு முன்பே மாண்டுபோன சிசுக்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை! ‘மறைந்து நின்ற மரணம்’ என்று அவர்கள் அதற்குப் பெயரிட்டார்கள். நடுவில் படிப்பை நிறுத்தியவர்களை விட்டுவிட்டு, பரீட்சைக்கு உட்கார்ந்தவர்களை மட்டும் எண்ணி, ‘நூற்றுக்கு இத்தனை பேர் தேறினர்’ என்று ஒரு பள்ளிக்கூடம் பெருமையடித்துக் கொண்டால் எப்படி இருக்கும்? அதைப் போலத்தான். பின்னத்தில் கோட்டின் மேலே உள்ள எண்ணை எல்லாரும் பார்க்கிறார்கள். கீழே நிற்கும் எண் யார் யாரைச் சேர்த்துக் கொண்டது, யாரை விட்டது என்று கேட்பவர் சிலரே. இந்தக் கேள்வி மேலும் வரப்போகிறது. நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மறைந்து நின்றதை வெளிப்படுத்தியது ஸ்கேன் யந்திரம். அதன் பூர்வோத்தரம் ரசமானது. கப்பல் கட்டுகிறவர்களும் கொதிகலன் செய்கிறவர்களும் இரும்புத் தகட்டுக்குள் விரிசல் உண்டா என்று அறிய, செவிக்கெட்டாத ஒலி அலைகளைச் செலுத்தி எதிரொலியைக் கவனித்து வந்தார்கள். கிளாஸ்கோ நகரத்துப் பிரசவ வைத்தியரான இயன் டொனால்டு, இரும்பின் உட்புறத்தைக் காட்டும் உபாயம் மனித உடலின் உட்புறத்தையும் காட்டாதா என்று எண்ணினார். 1955ல் அறுத்தெடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்கே போய்ப் பரிசோதித்துப் பார்த்தார். 1958ல் தம் சகாக்களுடன் ‘லான்செட்’ பத்திரிகையில் முடிவுகளை வெளியிட்டார். இன்று நம் ஊர்களிலும் ஐந்தாம் மாத ஸ்கேன் சகஜமாகிவிட்டது. ஸ்கேன் அறை வாசலில், ‘சிசு ஆணா பெண்ணா என்று இங்கே தெரிவிக்கப்படமாட்டாது’ என்று எழுதிய பலகையை நேயர்கள் பார்த்திருப்பார்கள். 1994ஆம் வருஷத்துச் சட்டத்தின் விளைவு அது. உயிரைக் காக்க வந்த யந்திரத்தைப் பெண் சிசுவைத் தேடிப் பிடிக்க உபயோகித்த வெட்கக்கேட்டை அந்தப் பலகை நமக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. போகட்டும்.

ஐந்தாம் மாதத்துப் படத்தில், ஹிருதயத்தின் அருகே இரைப்பை கரிய குமிழிபோல் உட்கார்ந்திருப்பதையும், ஹிருதயம் வலப்புறம் ஒதுங்கியிருப்பதையும் கண்டதும் நிபுணர் சங்கதியை ஊகித்துக்கொள்கிறார். மேஜைமேல் படுத்திருக்கும் தாய், அவர் முகம் மாறியதைப் பார்த்து விடுகிறாள். “பிழைக்குமா, டாக்டர்?” என்று அவள் கேட்கும்போது, “ஓட்டை இருக்கிறது” என்பது பதிலாகாது. நுரையீரல் எவ்வளவு மீந்திருக்கிறது என்று சொல்லவேண்டும்.

அதை அளப்பது எங்ஙனம்? இடது நுரையீரல் குடலோடு கலந்து சரியாகத் தெரிவதில்லை. ஆகவே, ஓட்டை இடப்பக்கம் என்றால் வலது நுரையீரலையே அளக்கிறார்கள். ஹிருதயத்தின் நான்கு அறைகளும் ஒருங்கே தெரியும் இடத்தில் மார்பைக் குறுக்கே வெட்டினாற்போல ஒரு படம் பிடித்து, அதில் வலது நுரையீரலின் எல்லையைச் சுற்றிக் கோடு வரைந்து, பரப்பு இத்தனை சதுர மில்லிமீட்டர் என்று கணிக்கிறார்கள். ஆனால் பெரிய சிசுவுக்குப் பெரிய நுரையீரலும், சிறிய சிசுவுக்குச் சிறிய நுரையீரலும் இருப்பது இயற்கை. சிசுவின் வளர்த்தியை வேறோர் அளவால் கழித்துப் பார்க்கவேண்டும். இந்த நோயினால் தலை பாதிக்கப்படுவதில்லையாதலால், தலையின் சுற்றளவு அதற்கு ஏற்றதாயிற்று. நுரையீரற் பரப்பை மேலே வைத்து, தலைச் சுற்றளவைக் கீழே வைத்து வகுத்தார்கள். 1996ல் ஸான்பிரான்ஸிஸ்கோ நிபுணர்கள் இந்த விகிதத்தை வெளியிட்டனர். அவர்கள் பார்த்த சிசுக்களில் விகிதம் 1.35க்கு மேற்பட்டவை அனைத்தும் பிழைத்தன, 0.6க்குக் குறைந்தவற்றில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. உதாரணமாக, பரப்பு 240 சதுர மில்லிமீட்டர், தலைச் சுற்றளவு 240 மில்லிமீட்டர் என்றால் விகிதம் 1. இரண்டுக்கும் நடுவே.

எத்தனை எளிய கணக்கு! உலகமெங்கும் நிபுணர்கள் அதை எடுத்து ஆண்டார்கள். ஆனால் நமது ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் இதைக் கண்டால், “ஸார், மேலே சதுர மில்லிமீட்டர், கீழே வெறும் மில்லிமீட்டர், இது எப்படிச் சரியாகும்?” என்று எழுந்து நின்றுவிடக் கூடும். அவன் கேள்வி மிகவும் நியாயமானது. சதுரமான ஒரு நிலத்தின் பக்கம் பத்து முழம் என்றால் பரப்பு நூறு சதுர முழம். பக்கத்தை இருபது முழமாக்கினால் பரப்பு இருநூறு ஆவதில்லை; நானூறு ஆகிறது. முதல் நிலத்தில் பரப்பைப் பக்கத்தால் வகுத்தால் 10; இரண்டாவதில் 20. நிலத்தின் வடிவம் துளியும் மாறவில்லை, விகிதம் மட்டும் இரட்டித்துவிட்டது.

சிசுவுக்கும் இதுவே நேர்கிறது. 2005ல் லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த நிபுணர்கள், யாதொரு குறையுமில்லாத 650 சிசுக்களை அளந்தார்கள். பன்னிரண்டாம் வாரத்திலிருந்து முப்பத்திரண்டாம் வாரத்துக்குள் தலைச் சுற்றளவு நான்கு மடங்கு வளர்ந்தது. நுரையீரற் பரப்போ பதினாறு மடங்கு. ஆகவே ஆரோக்கியமான சிசுவிலேயே அந்த விகிதம் நான்கு மடங்கு ஏறிவிடுகிறது! இதன் விளைவைப் பாருங்கள். இருபத்திரண்டாம் வாரத்தில் ஸ்கேன் செய்துகொண்ட தாய்க்கு 0.9 என்று எழுதித் தருகிறார்கள். முப்பதாம் வாரத்தில் வந்த இன்னொரு தாய்க்கும் அதே 0.9 என்று எழுதித் தருகிறார்கள். இருவருக்கும் ஒரே எண், ஒரே பீதி. வாஸ்தவத்தில் இரண்டாமவளின் சிசுவுக்குத்தான் ஆபத்து அதிகம். முதலாமவள் இரவெல்லாம் அழுததில் ஒரு பகுதியாவது அநாவசியம்.

முதலில் அளந்தவர்களை இதற்காகக் குறை கூறுவது சரியன்று. அளவுகோலே இல்லாதிருந்த இடத்தில் ஓர் அளவுகோலைக் கொண்டுவந்து வைத்தவர்கள் அவர்கள். அதிலுள்ள கோணலைப் பின்னால் வந்தவர்கள் நிமிர்த்தினார்கள்.

நிமிர்த்திய விதமும் எளிதுதான். கோட்டின் கீழே நிற்கும் எண்ணை மாற்றினார்கள். அதே வாரத்து ஆரோக்கியமான சிசுவுக்கு என்ன விகிதம் இருக்கவேண்டுமோ அதைக் கீழே வைத்து, இந்தச் சிசுவின் விகிதத்தை மேலே வைத்து, நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்டார்கள். கணக்கின் சௌகரியத்துக்காக, அந்த வாரத்தில் இருக்கவேண்டிய விகிதம் 4 என்றும், நம் சிசுவுக்கு 1 என்றும் வைத்துக்கொள்வோம், நூற்றுக்கு 25. வயது வித்தியாசம் மேலும் கீழும் ஒன்றாக இருப்பதால் அடிபட்டுப் போகிறது. 2007ல் ஜாக் ஜானி என்பவரும் பல தேசத்து நிபுணர்களும் சேர்ந்து, வேறு அங்கக் குறையில்லாமல் இந்த ஓட்டை மட்டும் உள்ள 354 சிசுக்களை இம்முறையில் ஆராய்ந்து, பிழைப்பதை முன்கூட்டி மதிப்பிட இவ்வெண் உதவுகிறதென்று காட்டினார்கள். இன்று பெரும்பாலும் நூற்றுக்கு 25க்குக் குறைந்தால் கடுமை என்றும், 45க்கு மேற்பட்டால் இலேசு என்றும் சொல்கிறார்கள். நடுவில் உள்ளவர்களுக்கு, கல்லீரல் மாடிக்கு ஏறிவிட்டதா, கீழேயே இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்கிறார்கள். கல்லீரல் ஏறியிருந்தால் நிலைமை அதிகக் கவலைக்கிடம்.

இந்த எண்ணுக்காக ஏன் இத்தனை பிரயத்தனம் என்று கேட்கலாம். அறிந்து அழுவதற்காக மட்டும் அன்று. எண்ணைப் பார்த்துச் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. கருவிலுள்ள நுரையீரல் தானே ஒரு திரவத்தைச் சுரக்கிறது. அது சுவாசக் குழாய் வழியாக வெளியேறிப் பனிக்குட நீரோடு கலந்துவிடும். குழாயை அடைத்துவிட்டால் திரவம் உள்ளேயே தேங்கி நுரையீரலை விரித்து வளரச் செய்கிறது. மூச்சுக் குழாயை அடைத்து மூச்சைக் காப்பாற்றுவது! கேட்பதற்கு விபரீதமாயிருக்கிறது. தாயின் வயிற்றின் வழியே ஒரு மெல்லிய குழல் கருவியைச் செலுத்தி, சிசுவின் வாய் வழியாகச் சுவாசக் குழாயில் ஒரு சின்னஞ்சிறு பலூனை வைத்து ஊதிவிட்டு, முப்பத்துநான்காம் வாரத்தில் எடுத்துவிடுகிறார்கள்.

ஹாரிசனும் அவருடைய சகாக்களும் இம்முறையை 24 தாய்மாரிடம் சோதித்து 2003ல் முடிவை வெளியிட்டார்கள். பலூன் வைத்த 11 சிசுக்களில் 8 பிழைத்தன. வைக்காத 13ல் 10 பிழைத்தன. அதாவது பிரயோஜனமில்லை. ஆனால் அந்தச் சோதனைக்குச் சிசுக்களைத் தெரிந்தெடுத்தது பழைய விகிதத்தைக் கொண்டு, 1.4க்குக் குறைந்தவை எல்லாம் சேர்க்கப்பட்டன. இன்றைய கண்கொண்டு பார்த்தால், பலூன் இல்லாமலே பிழைக்கக்கூடிய சிசுக்கள் பலவும் அந்த வலையில் அகப்பட்டிருந்தன என்று தெரிகிறது.

பிறகு பெல்ஜியம் தேசத்து லூவன் நகரைச் சேர்ந்த யான் டெப்ரெஸ்ட் என்பவரின் தலைமையில் பல தேசங்களில் இரண்டு சோதனைகள் நடந்தன. 2021ல் முடிவுகள் வெளிவந்தன. இம்முறை புதிய எண்ணைக் கொண்டு சிசுக்களைப் பிரித்தார்கள். கடுமையானது என்று பிரித்த வகுப்பில், பலூன் வைத்த 40 சிசுக்களில் 16 பிழைத்து வீடு சென்றன. வைக்காத 40ல் 6 மட்டுமே. நடுத்தரமான வகுப்பில், வைத்த 98ல் 62ம், வைக்காத 98ல் 49ம் பிழைத்தன. இரண்டாவது வித்தியாசம் தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்று புள்ளிவிவர சாஸ்திரம் கூறுகிறது. ஆகவே, ஒரு சிசு எந்த வகுப்பில் சேர்க்கப்படுகிறது என்பது எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். பலூனும் இலேசான காரியமன்று. வைத்தவர்களில் பெரும்பாலோருக்குக் குறைமாதத்திலேயே பிரசவமாயிற்று. பலூனை எடுக்க முடியாமற் போனதால் ஒரு சிசு பிறந்தும் மாண்டது. தக்க காரணமில்லாமல் இதைச் செய்யச் சொல்வது பாவம். காரணம் இருக்கும்போது சொல்லாமலிருப்பதும் பாவம். இரண்டுக்கும் நடுவே நிற்பது ஸ்கேன் நிபுணர் கையால் வரைந்த ஒரு கோடு.

அந்தக் கோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. இச்சிறு நுரையீரல் நம் சுண்டுவிரல் நகத்தின் அளவுதான் இருக்கும். பத்து மில்லிமீட்டர் நீளம், பத்து மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் பரப்பு நூறு. கோடு வரைகையில் நீளத்தில் ஒன்றும் அகலத்தில் ஒன்றும் கூடிவிட்டால் பரப்பு 121 ஆகிவிடும். ஒரு மில்லிமீட்டர் தவறியதற்கு நூற்றுக்கு இருபத்தொன்று வித்தியாசம்! நூற்றுக்கு 22 என்று கடுமையில் இருக்கவேண்டிய சிசு, 26 என்று நடுத்தரத்துக்குத் தாவிவிடும். ஆகையினால்தான், நீளத்தையும் அகலத்தையும் பெருக்குவதைக் காட்டிலும் எல்லையைச் சுற்றி வரைவது உத்தமம் என்றும், பழகிய கைகள் பல முறை அளக்கவேண்டும் என்றும் நிபுணர்கள் வற்புறுத்துகிறார்கள். அளவைப் பூர்த்தி செய்ய, காந்த அதிர்வு யந்திரத்தால் இரண்டு நுரையீரல்களின் மொத்தக் கன அளவையும் கணிப்பதுண்டு. எத்தனை அளந்தாலும், உள்ளேயிருக்கும் இரத்தக் குழாய்கள் பிறந்த பிறகு எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பரப்பளவு முழுதும் சொல்லிவிடாது.

இத்தகைய செய்தி ஒரு குடும்பத்துக்கு வந்தால், அந்தத் தாயும் தகப்பனாரும் கையில் கிடைத்த காகிதத்தில் உள்ள எண்ணை உற்றுப் பார்த்துக்கொண்டிராமல் சில கேள்விகளைத் தைரியமாகக் கேட்கலாம். இது பழைய விகிதமா, அந்தந்த வாரத்து ஆரோக்கிய அளவோடு ஒப்பிட்ட நூற்று வீதமா? எத்தனையாவது வாரத்தில் அளந்தது? கல்லீரல் எங்கே இருக்கிறது? ஹிருதயத்திலோ வேறு அங்கங்களிலோ குறை உண்டா? கடைசிக் கேள்வி மிக மிக முக்கியம். வேறு குறை இருந்தால் மேலே சொன்ன கணக்குகள் அப்படியே பொருந்தா. ‘இத்தனை பேர் பிழைப்பார்கள்’ என்று யாராவது சொன்னால், எத்தனை பேரில், எங்கே பிறந்தவர்களில் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பலூன் வேண்டாத சிசுவுக்கும் முன்கூட்டி அறிந்ததனால் பெரிய லாபம் உண்டு. சிசு மருத்துவரும் ரண சிகிச்சை நிபுணரும் செயற்கைச் சுவாச யந்திரமும் உள்ள ஆஸ்பத்திரியிலேயே பிரசவத்துக்கு ஏற்பாடு செய்யலாம். சாதாரணமாக மூச்சுத் திணறும் சிசுவுக்கு முகமூடி வைத்துக் காற்றை அழுத்துவார்கள்; இங்கே அப்படிச் செய்தால், மார்புக்குள் இருக்கும் இரைப்பையில் காற்று நிறைந்து மிச்சமுள்ள இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும். முன்பே தெரிந்திருந்தால் நேராகச் சுவாசக் குழாயில் குழலைச் செலுத்துவார்கள்; இரைப்பைக்குள்ளும் ஒரு குழலை விட்டுக் காற்றை வெளியேற்றுவார்கள். ரண சிகிச்சைக்கும் முன்னாளைப்போல் அவசரப்படுவதில்லை. மூச்சும் இரத்த ஓட்டமும் நிலைப்பட்ட பிறகுதான் குடலைக் கீழே இறக்கி ஓட்டையை மூடுகிறார்கள்.

மூடிய பிறகும் அந்தச் சிறு நுரையீரலின் வளர்ச்சி நின்றுவிடுவதில்லை. காற்று நுண்ணறைகள் பிறந்த பின்னரும் சில வருஷங்கள் வரை புதிது புதிதாக உண்டாகிக்கொண்டே இருக்கின்றன. அது எப்படி நிகழ்கிறது என்பது தனியாக எழுதவேண்டிய விஷயம். வேறொரு வாரம் எடுத்துக்கொள்வோம்.